அஷ்டமி நிலவும் 87 பாகையும்

அக்காள் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பழங்காலக் கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்க்கஸ் கணக்கிட்ட விதத்தைக் காட்ட, பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு சார்ட் அட்டையில் சூரியன், நிலவு, பூமி மூன்றையும் வரைந்து, அவற்றை ஒரு செங்கோண முக்கோணத்தில் இணைத்து, கீழே "அரிஸ்டார்க்கஸ் அளந்த கோணம் 87°, சரியான கோணம் 89.85°, எனவே அவருடைய விடை 20 மடங்கு தவறு" என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள். எழுதி முடித்த பிறகு அவளுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். "மாமா, பாகைமானி வெச்சு அளந்தா எங்க வகுப்புல யாருக்குமே மூணு டிகிரி தப்பு வராதே, இவருக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் நல்ல கருவிகள் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். சொன்னது பொய் என்பது தேநீர் ஆறுவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

அரிஸ்டார்க்கஸ் வாழ்ந்த அதே கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவில் டிமோகாரிஸ் என்பவர் விண்மீன்களின் இடங்களை அளந்து குறித்து வைத்தார். நாம் சித்திரை என்று அழைக்கும் விண்மீன், இலையுதிர்காலச் சமநாள் புள்ளிக்கு 8 பாகை மேற்கே இருப்பதாக அவருடைய அளவு சொன்னது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஹிப்பார்க்கஸ் என்ற இன்னொரு கிரேக்க வானியலாளர் அதையே அளந்தபோது 6 பாகைதான் வந்தது. கிழவர் தவறாக அளந்துவிட்டார் என்று அவர் ஒதுக்கவில்லை. சமநாள் புள்ளியே மெல்ல நகர்கிறது என்ற முடிவுக்கு வந்தார், அது சரியாகவும் இருந்தது. முன்னோரின் அளவில் இரண்டு பாகைப் பிழை இருக்க வாய்ப்பில்லை என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அப்படியொரு முடிவை எடுத்திருக்க முடியாது. ஆகவே கருவிகள் மோசமாக இருந்ததால் 87 வந்தது என்ற என் பதில் நிற்காது. அப்படியானால் அந்த 3 பாகை எங்கே தொலைந்தது என்ற கேள்வி, அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

மொட்டைமாடியில் மூன்று அஷ்டமிகள்

அரிஸ்டார்க்கஸின் யோசனை எளிது. நிலவு சரிபாதியாகத் தெரியும் கணத்தில், சூரியனிலிருந்து நிலவுக்கு வரும் கோடும் நம் கண்ணிலிருந்து நிலவுக்குப் போகும் கோடும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. அந்தக் கணத்தில் வானத்தில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்துவிட்டால் முக்கோணத்தின் வடிவம் முழுவதும் கைக்கு வந்துவிடும். சூரியன் நிலவைப் போல எத்தனை மடங்கு தொலைவில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இதை நானே செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

அஷ்டமியில் எந்தக் காரியத்தையும் தொடங்கக் கூடாது என்பார் என் அம்மா. ஆனால் இந்தக் காரியத்தை அஷ்டமியில் மட்டும்தான் தொடங்க முடியும். திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே 12 பாகை விலகல். ஏழு திதிகள் முடியும்போது விலகல் 84 பாகை, எட்டாவதான அஷ்டமி முடியும்போது 96 பாகை. அதாவது வளர்பிறை அஷ்டமியின் நட்டநடுவில் விலகல் சரியாக 90 பாகை. அரிஸ்டார்க்கஸ் சொல்லும் அரைநிலவு அஷ்டமியில் கால்பங்கு கழிந்தவுடன் வந்துவிட வேண்டும். உண்மையான அரைநிலவோ அஷ்டமியின் நடுவை ஏறக்குறையத் தொட்ட பிறகுதான் வருகிறது. நிலவு சூரியனை விட்டு ஒரு மணி நேரத்துக்கு அரைப்பாகை வீதம் விலகிச் செல்வதால், அவருடைய 3 பாகை என்பது 6 மணி நேரம். உண்மையான வித்தியாசமாகிய 0.15 பாகை என்பது ஏறக்குறைய 18 நிமிடம். தினசரிக் காலண்டரில் அஷ்டமி எப்போது தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும், விடையை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம்.

ஒரு பிளைவுட் பலகையின் மூலையில் ஆணி அடித்து, இரண்டு ஸ்ட்ராக்களை அதில் சுழலும்படி பொருத்தி, பாகைமானியின் நகலெடுத்த தாளை அடியில் ஒட்டினோம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதால், ஒரு ஸ்ட்ராவின் நிழல் அட்டையின் மேல் வட்டமாகச் சுருங்கும் வரை அதைத் திருப்பினோம். மற்றதன் வழியாக நிலவைப் பார்த்தோம். வளர்பிறை அஷ்டமி நிலவு நண்பகலை ஒட்டி உதிப்பதால் மாலை நான்கு மணிக்கு இரண்டுமே வானத்தில் வசதியாக இருக்கும். ஒரே மாலையில் 88, 91, 89½ என்று எங்கள் பலகை தள்ளாடியது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பலகை பெரிதாக இருந்து, ஆணி ஆடாமல் இருந்தால் அந்தத் தள்ளாட்டம் குறையும். எங்களை மடக்கியது வேறொன்று. நாலரை மணிக்கு நான் "நேராயிடுச்சு, இப்போ அரைதான்" என்றேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "இல்ல மாமா, இன்னும் கொஞ்சம் குழிஞ்சிருக்கு" என்றாள். ஆறு மணிக்கும் அதே விவாதம்தான், ஆனால் நாங்கள் கட்சி மாறியிருந்தோம். அடுத்த இரண்டு அஷ்டமிகளிலும் இதே கதை நடந்தது.

மூன்றாம் மாதம்தான் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விலகல் 87 பாகையிலிருந்து 90 பாகைக்குப் போகும் 6 மணி நேரத்தில், நிலவின் முகத்தில் ஒளியும் இருளும் பிரியும் கோடு எவ்வளவு தூரம் நகர்கிறது? நிலவின் அகலத்தில் 38இல் ஒரு பங்கு. வானத்தில் நிலவின் அகலமே 31 கலைதான் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). அதாவது பாகையில் பாதி. அதை 38ஆல் வகுத்தால் ஒரு கலைக்கும் குறைவு. நல்ல கண்பார்வை உள்ள மனிதரால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய இடைவெளியே ஏறக்குறைய ஒரு கலைதான். ஆக, அரிஸ்டார்க்கஸின் 3 பாகைப் பிழை முழுவதும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு கீற்றுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. கோணத்தை அளப்பது அவள் வகுப்புப் பிள்ளைகளாலும் முடியும். எந்தக் கணத்தில் அளப்பது என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, நிலவின் கோட்டில் இருக்கும் மலைகளும் பள்ளங்களும் அந்தக் கோட்டைச் சிதைக்கின்றன. நாம் நிற்பது பூமியின் மையத்தில் அல்ல, மேற்பரப்பில் என்பதால், நிலவின் இடம் ஒரு பாகை வரை விலகித் தோன்றும். நாங்கள் தேடிய 0.15 பாகை அதற்குள் ஆறு முறை அடங்கிவிடும்.

அளக்கப்படாத எண்

இதன் பிறகுதான் அரிஸ்டார்க்கஸின் நூலைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தேன். சூரியன், நிலவு ஆகியவற்றின் அளவுகளையும் தொலைவுகளையும் பற்றிய அந்தச் சிறு நூல் ஒன்றுதான் அவர் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்திருப்பது. அதில் எங்கேயும் 87 பாகை என்ற சொல் இல்லை. வட்டத்தை 360 ஆகப் பிரிக்கும் வழக்கமே கிரேக்கர்களிடம் அப்போது பரவவில்லை. "கால்வட்டத்தைக் காட்டிலும் கால்வட்டத்தின் முப்பதில் ஒரு பங்கு குறைவு" என்றுதான் அவர் எழுதுகிறார். அதுவும் அளந்த விடையாக அல்ல. நூலின் தொடக்கத்தில் அடுக்கப்பட்ட ஆறு கருதுகோள்களில் நான்காவதாக. எந்த நாளில், எந்த ஊரில், எந்தக் கருவியால் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆறாவது கருதுகோளைப் படித்தால் சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிடும். நிலவின் அகலம் ஒரு ராசியில் பதினைந்தில் ஒரு பங்கு என்கிறார். அதாவது 2 பாகை. கையை நீட்டிச் சுண்டுவிரலால் நிலவை மறைத்துப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் இது நான்கு மடங்கு பெரிது என்று தெரிந்துவிடும், ஏனென்றால் சுண்டுவிரலே ஒரு பாகைதான். இத்தனைக்கும், சூரியனின் தோற்ற அகலம் ராசி வட்டத்தில் 720இல் ஒரு பங்கு, அதாவது அரைப்பாகை என்று கண்டவர் அரிஸ்டார்க்கஸ் என்றே ஆர்க்கிமிடீஸ் எழுதியிருக்கிறார். அரைப்பாகை என்று அறிந்த மனிதர் தம் நூலில் 2 பாகை என்று எழுதுகிறார் என்றால், ஒன்று இந்த நூல் அதற்கு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த எண்ணைப் பற்றி அவருக்குக் கவலையே இருந்திருக்காது. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. எங்கள் கணக்கு வாத்தியார் "ஒரு ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்க" என்று தொடங்கும்போது அந்த ரயிலைப் போய் யாரும் பார்த்ததில்லை. அந்த "என்க" தான் இங்கேயும் இருக்கிறது.

அவர் உயிரைக் கொடுத்து உழைத்தது அந்த "என்க"வுக்குப் பின்னால் வரும் பகுதியில். கோணம் தெரிந்தால் பக்கங்களின் விகிதம் என்ன என்பதை இன்று கைப்பேசியில் தட்டினால் 19.1 என்று வந்துவிடும். அவருக்கு சைன் அட்டவணை கிடையாது. அதற்கு இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகவே அவர் விடையை இரண்டு பக்கமும் வேலி போட்டு மடக்குகிறார். ஒரு வட்டத்தில் பெரிய வில்லுக்கும் சிறிய வில்லுக்கும் உள்ள விகிதத்தைவிட, அவற்றின் நாண்களுக்கு இடையிலான விகிதம் குறைவாகவே இருக்கும். 60 பாகை வில்லின் நாண் வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். அது ஒழுங்கு அறுகோணத்தின் பக்கம். 6 பாகை வில் அதில் பத்தில் ஒரு பங்கு. எனவே ஆரம் அந்தச் சிறிய நாணைப்போல் பத்து மடங்குக்குக் குறைவு. சிறிய நாணின் பாதியைப்போல் இருபது மடங்குக்குக் குறைவு. ஆரத்தைச் சூரியனின் தொலைவாகக் கொண்டால் அந்தப் பாதி நாண்தான் நிலவின் தொலைவு. அதுதான் மேல்வேலி: சூரியன் நிலவைப் போல் 20 மடங்குக்குக் குறைவான தொலைவில் இருக்கிறது. கீழ்வேலிக்கு 22½ பாகைக் கோணத்தையும், ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தையும் எடுத்துக்கொள்கிறார். 2இன் வர்க்கமூலம் 7/5ஐ விடச் சற்றே பெரிது, ஏனென்றால் 50 என்பது 49ஐ விடப் பெரிது. இந்தச் சிறு மிச்சத்தை வைத்துக்கொண்டு 18 மடங்குக்கு மேல் என்று நிறுவுகிறார். "18ஐ விட அதிகம், 20ஐ விடக் குறைவு" என்ற அந்த வாக்கியத்தில், நடுவில் இருக்கும் எண்ணை ஊகித்துச் சொல்லும் ஆசை துளியும் இல்லாததை நான் பல முறை படித்து வியந்தேன்.

கோணம் ஏன் 87 என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. அரைநிலவுகள் 87 பாகையில் வந்தால், வளர்பிறை அரைநிலவிலிருந்து பௌர்ணமி வழியாகத் தேய்பிறை அரைநிலவுக்குச் செல்ல ஆகும் காலம், அங்கிருந்து அமாவாசை வழியாகத் திரும்பி வர ஆகும் காலத்தைவிடச் ஏறக்குறைய ஒரு நாள் கூடுதலாக இருக்கும். கோணம் அதைவிடக் குறைந்தால் வித்தியாசம் ஒரு நாளுக்கு மேல் போய்விடும், யாராவது கவனித்திருப்பார்கள். அதாவது 87 என்பது, இதற்கும் கீழே இருக்க முடியாது என்று துணிந்து சொல்லக்கூடிய எல்லை. நிலவு சீரான வேகத்தில் செல்லாததால் நடைமுறையில் இந்தச் சோதனையும் தடுமாறும். ஆனாலும் இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அடுத்து வந்தவர் செய்த காரியத்தோடு அது ஒட்டிப்போகிறது.

புள்ளியாக இருக்க மறுத்த பூமி

அரிஸ்டார்க்கஸின் இரண்டாவது கருதுகோள், நிலவின் கோளத்தோடு ஒப்பிட்டால் பூமி ஒரு புள்ளி என்பது. ஹிப்பார்க்கஸ் செய்ததெல்லாம் இந்த ஒரு வரியை ஏற்க மறுத்ததுதான். பூமி புள்ளி இல்லை என்றால், அதன் இரு இடங்களில் நிற்கும் இருவருக்கு நிலவு வானத்தில் இரு வேறு இடங்களில் தெரிய வேண்டும். ஒற்றைக் கண்ணை மாற்றி மாற்றி மூடினால் நீட்டிய விரல் சுவரின் மேல் நகர்வது போல. இதைத்தான் பாடநூல்களில் இடமாறு தோற்றம் என்கிறோம்.

நைசியாவில் பிறந்து ரோட்ஸ் தீவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஹிப்பார்க்கஸின் நூல் தொலைந்துவிட்டது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பாப்பஸ், வானியலாளர் தாலமியின் பெருநூலுக்கு எழுதிய உரையில் விட்டுச் சென்ற சில வரிகளை வைத்து, 1960களின் இறுதியிலும் 1970களிலும் நோயல் ஸ்வெர்ட்லோ, ஜெரால்ட் டூமர் ஆகியோர் அவருடைய வழியை மீட்டெடுத்தார்கள். முதல் பகுதியில் ஒரு சூரிய கிரகணம் வருகிறது. இன்றைய துருக்கியில் இருக்கும் ஹெல்லஸ்பாண்ட் நீரிணைப் பகுதியில் சூரியன் முழுவதும் மறைந்த அதே கிரகணத்தில், தெற்கே அலெக்சாந்திரியாவில் ஐந்தில் நான்கு பங்குதான் மறைந்தது. நிலவு சூரியனின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்து தெரிந்திருக்கிறது. அந்த நகர்வும் இரு இடங்களுக்கும் இடையிலான அட்சரேகை வித்தியாசமும் தெரிந்தால் நிலவின் தொலைவு கிடைக்கும். பூமியின் ஆரத்தை அலகாகக் கொண்டு, மிகக் குறைந்த தொலைவு 71, மிக அதிகம் 83 என்று அவருக்கு வந்தது. உண்மையான சராசரி 60.3. இது நல்ல வேலைதான். ஆனாலும் என்னை நிறுத்தியது இரண்டாம் பகுதி.

நிலவின் நகர்வு தெரிகிறது, சரி. சூரியனின் நகர்வு? ஹிப்பார்க்கஸுக்கு அது தெரியவே இல்லை. எவ்வளவு என்பது மட்டுமல்ல, இருக்கிறதா என்பதே அவருக்குச் சந்தேகம் என்று மூன்று நூற்றாண்டுகள் கழித்துத் தாலமி சற்றே குறைசொல்லும் தொனியில் எழுதுகிறார். தெரியாததை என்ன செய்வது? வேறொருவராக இருந்தால் அரிஸ்டார்க்கஸின் 19ஐ எடுத்துப் போட்டுக்கொண்டு மேலே போயிருப்பார். ஹிப்பார்க்கஸ் இப்படி யோசித்திருக்கிறார்: என் கருவியில் சூரியனின் நகர்வு தெரியவில்லை. 7 கலைக்கு மேல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அது 7 கலை அல்லது அதற்குக் குறைவு. சூரியன் பூமியின் ஆரத்தைப் போல் குறைந்தது 490 மடங்கு தொலைவில் இருக்கிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மொட்டைமாடியில் மூன்று மாதங்களாக நாங்கள் இருவரும் தோற்றுக்கொண்டிருந்தோம், அந்தத் தோல்விக்குள்ளேயே ஓர் அளவு கிடந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அரைநிலவு 90 பாகையில் வருகிறதா, அதற்கு முன்பே வருகிறதா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று சொல்லிக் கையை உதறினேனே தவிர, இத்தனை பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் எங்கள் பிளைவுட் பலகையாலும் சூரியன் இத்தனை மடங்குக்கு மேல் தொலைவில் இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லியிருக்கலாம்.

ஹிப்பார்க்கஸ் அந்த 7 கலையோடு நிற்கவில்லை. அதை நிலவின் மேல் திருப்பினார். சந்திர கிரகணத்தின் வடிவியலில் ஓர் அழகான சமன்பாடு உண்டு: சூரியனின் இடமாறு தோற்றத்தையும் நிலவின் இடமாறு தோற்றத்தையும் கூட்டினால், சூரியனின் தோற்ற ஆரத்தையும், நிலவின் தொலைவில் விழும் பூமி நிழலின் தோற்ற ஆரத்தையும் கூட்டியதற்குச் சமம். நிலவு தன் வட்டத்தில் 650 முறை அடங்கும், நிழல் நிலவைப் போல் இரண்டரை மடங்கு என்பவை அவருடைய அளவுகள். இவற்றிலிருந்து வலது பக்கத்தின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 58 கலை. சூரியனுக்கு உச்ச அளவான 7ஐக் கொடுத்தால் நிலவுக்கு 51 மிஞ்சுகிறது. 21,600 கலைச் சுற்றளவுள்ள வட்டத்தின் ஆரம் 3,438 கலை. அதை 51 கலைச் சொச்சத்தால் வகுத்தால் 67க்குச் சற்று மேல். பாப்பஸ் தரும் எண்ணும் 67⅓ தான். (இந்த 3,438 நமக்குப் பழக்கமான எண், ஆரியபட்டரின் சைன் அட்டவணை இதே ஆரத்தின் மேல்தான் நிற்கிறது.) சரி, சூரியனின் நகர்வு 7 இல்லை, சுழியமே என்று வைத்துக்கொண்டால்? 58 முழுவதும் நிலவுக்கே போகிறது; தொலைவு 59 ஆகிறது. சூரியன் 490 ஆரத் தொலைவில் இருந்தாலும் சரி, எண்ணிப் பார்க்க முடியாத தொலைவில் இருந்தாலும் சரி, நிலவு 59க்கும் 67⅓க்கும் இடையில் சிக்கிக்கொண்டுவிட்டது. உண்மையான 60.3 அந்த வேலிக்குள்தான் இருக்கிறது. சூரியனைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே தெரியாமல் நிலவைப் பிடித்தாகிவிட்டது.

1,210

வேலியோடு நிற்பதற்கு ஒரு மனப்பக்குவம் தேவைப்படுகிறது போலும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எழுதிய தாலமிக்கு ஒற்றை எண் வேண்டியிருந்தது. அதே கிரகணச் சமன்பாட்டை எதிர்த்திசையில் ஓட்டினார்: நிலவின் தொலைவைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு சூரியனைத் தேடினார். நிலவின் உச்சத் தொலைவு 64 ஆரமும் அதற்கு மேல் ஆறில் ஒரு பங்கும். தோற்ற அகலம் 31⅓ கலை. நிழல் நிலவைப் போல் 2.6 மடங்கு. விடை 1,210 பூமி ஆரங்கள். அதை நிலவின் 64உடன் ஒப்பிட்டால் 18.9 மடங்கு. அரிஸ்டார்க்கஸ் போட்ட 18, 20 என்ற வேலிக்குள் அச்சுப் பிசகாமல் வந்து விழுகிறது.

அவ்வளவு பொருத்தமாக வந்து விழுவதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. ஒரு நோட்டுப்புத்தகத்தில் அவருடைய எண்களைப் போட்டுப் பார்த்தேன். 2.6 என்று வைத்தால் 1,200 சொச்சம் வருகிறது. நிழலை 2.5 ஆக்கினால் சூரியன் 2,700 ஆரத்துக்குத் தாவிவிடுகிறது. 2.4 ஆக்கினால் கழித்தலில் எதிர்மறை எண் வருகிறது; சூரியனுக்கு வானத்தில் இடமே இல்லை. கிரகணம் பிடித்த நிலவின்மீது விழும், விளிம்பு மங்கிய நிழலை வெறுங்கண்ணால் பார்த்து, அது 2.6 மடங்கா 2.5 மடங்கா என்று அறுதியிட்டவர் யாரும் அன்று இருந்திருக்க முடியாது. வரும் விடையை முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு எண்களை அதற்கேற்ப நகர்த்தினார் என்று குற்றம் சாட்டுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பெரியவர் ஒருவர் சொன்ன விடை காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதை நோக்கிக் கை தானாகச் சாயும் என்பது, ஆய்வகத்தில் ஊசல் சோதனை செய்த எல்லா மாணவர்களுக்கும் தெரிந்ததுதான்.

நிலவு விஷயத்தில் தாலமியின் சராசரி 59, அருமையான எண். ஆனால் அவருடைய நிலவுப் பாதையின் வடிவம் காரணமாக, அரைநிலவு சில சமயங்களில் 33½ ஆரம் வரை நெருங்கி வந்துவிடுகிறது. அப்படியானால் அந்த அரைநிலவு முழுநிலவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். மூன்று அஷ்டமிகளைக் கழுத்து வலிக்கப் பார்த்தவன் என்ற முறையில், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று என்னால் சாட்சி சொல்ல முடியும். அவரும் வானத்தைப் பார்த்தவர்தானே, எப்படி விட்டார் என்பது எனக்குப் புரியவே இல்லை. கோளங்களை வெங்காயத் தோல் போல இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி என்று ஏறி, விண்மீன்களை 20,000 பூமி ஆரத் தொலைவில் அவர் நிறுத்தினார். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான உண்மையான தொலைவு 23,455 ஆரம். அவருடைய பிரபஞ்சம் முழுவதும், சனியும் விண்மீன்களும் உட்பட, சூரியனை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அரபு வானியலாளர்களிடமும் பிறகு ஐரோப்பாவிலும் சிறு மாற்றங்களோடு அந்த 1,200ஐ ஒட்டிய எண்தான் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் உலவியது. சூரியனை மையத்தில் வைத்த கோப்பர்நிக்கஸும்கூட அதைத் தொட்டுக் கலைக்கவில்லை. டைக்கோ பிராஹே சூரியனின் இடமாறு தோற்றம் 3 கலை என்றே கொண்டிருந்தார். அதைக் கலைத்தவர் கெப்ளர், கலைத்த விதம் ஹிப்பார்க்கஸின் விதம். டைக்கோவின் செவ்வாய் அளவுகளில் நகர்வைத் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் சூரியனுக்கு அது ஒரு கலைக்கு மேல் இருக்க முடியாது என்று எழுதினார். சூரியன் சட்டென்று 3,000 ஆரங்களைத் தாண்டிப் போயிற்று. 1672இல் காசினி பாரிஸிலும் ரிஷே தென்னமெரிக்காவின் கயேனிலும் நின்று ஒரே சமயத்தில் செவ்வாயைப் பார்த்தபோதுதான், தொலைநோக்கியின் துணையோடு, வேலிக்குப் பதிலாக சூரியனின் இடமாறு தோற்றத்துக்கு முதல் உண்மையான எண் கிடைத்தது: 9½ விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை). இன்றைய அளவு 8.8 விகலை.

வாசற்கதவிலிருந்து

இவ்வளவையும் அவளிடம் சொன்னபோது பாதியில் குறுக்கிட்டாள். "7 கலைன்னா எவ்ளோ மாமா? கையில காட்டுங்க." ஒரு வெள்ளைத் தாளில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கறுப்புக் கோடுகள் போட்டு வாசற்கதவில் ஒட்டினேன். ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னேன். அதுதான் ஹிப்பார்க்கஸின் 7 கலை. இரண்டு கோடுகளும் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன என்றாள். இதைப் போய்த் தெரியவில்லை என்று எப்படிச் சொன்னார் என்று கேட்டாள். கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அவர் ஒப்பிட வேண்டியிருந்ததோ வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நாட்களில் எடுத்த அளவுகளை என்றேன். பின்னால் நடக்கச் சொன்னேன். ஏழு மீட்டரில், அதாவது முற்றத்தைத் தாண்டித் தெருவில் கால் வைத்தபோது, கண்ணைச் சுருக்கினாள். "ஒண்ணா ரெண்டான்னு சந்தேகமா இருக்கு." அது கெப்ளரின் ஒரு கலை.

சூரியனுடையது எங்கே என்று கேட்டாள். 47 மீட்டர் என்றேன். தெருவில் காலடிகளை எண்ணிக்கொண்டே போனாள். மளிகைக் கடையைத் தாண்டி, டிரான்ஸ்பார்மர் கம்பத்தருகே போய் நின்று திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து கையை ஆட்டி எதையோ கத்தினாள். வண்டிச் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டது: கோடு இருக்கட்டும், தாள் எந்தக் கதவில் ஒட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.